மனச்சோர்வு ஆலோசனைத் திட்டம்: செலவுக் கணக்கு எடுப்பது எப்படி?

கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 அமர்வுகள் பேச்சுவழி சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், மருத்துவர்கள் அல்ல. பலன் இருந்தது; 2017இல் ஆய்வு வெளிவந்தது. அதுபோன்ற திட்டம் போட்ட காசுக்குத் தகுமா என்று பார்க்கும் வழி இது.

முதலில், யாருடைய பணத்தைக் கணக்கிடுகிறோம் என்று எழுதி வையுங்கள். மனச்சோர்வில் பெரிய நஷ்டம் கூலியில்தான். அரசுச் செலவை மட்டும் எடுத்தால் பாதிக்கதைதான் கிடைக்கும்.

அடுத்து ஓர் அமர்வின் விலை. பலர் சறுக்குவது இங்கேதான். ஆலோசகரின் மாதச் சம்பளம் ரூ.15,000, மாதத்துக்கு 100 அமர்வு என்று திட்டத்தாளில் இருந்தால் விலை ரூ.150. ஆனால் வராமல் போனவர்கள் போக நடந்தது 60 என்றால் ரூ.250. வருகைப் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும். மேற்பார்வையாளரின் நேரத்தையும் சேருங்கள். பயிற்சிச் செலவை ஒரே ஆண்டில் ஏற்றாமல், அது பயன்படும் ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுங்கள்.

குடும்பச் செலவுக்குக் கடந்த 3 மாதத்தைக் கேளுங்கள். ஒரு வருடம் என்றால் மறந்துபோகும். “மருத்துவச் செலவு எவ்வளவு?” என்று மொத்தமாகக் கேட்டால் மாத்திரைக் காசு மட்டும்தான் வரும். பஸ் கட்டணம், கூட வந்தவர் இழந்த கூலி, மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்த் தங்கிய செலவு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரசீது இல்லாத செலவும் செலவுதான். அரசு, குடும்பம் எல்லோருடைய செலவையும் சேர்த்துப் பார்க்கும் சமூகக் கணக்கில் அரசு உதவித்தொகையைச் சேர்க்காதீர்கள். பணம் கைமாறுகிறதே தவிர, வளம் எதுவும் செலவாவதில்லை.

பலனை அளக்க, மனச்சோர்வின் கடுமையைப் புள்ளியாகச் சொல்லும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) கேள்வித்தாள் மட்டும் போதாது. அதில் குறைந்த 5 புள்ளியைச் சர்க்கரை நோய்த் திட்டத்தோடு ஒப்பிட முடியாது. எந்த நோய்க்கும் பொதுவாக வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈ.க்யூ-5டி-5எல் (EQ-5D-5L) படிவத்தையும் நிரப்பி, பதில்களை இந்தியாவுக்கென்றே உள்ள மதிப்புப் பட்டியலால் ஒரே எண்ணாக்குங்கள்; 1 என்றால் முழு நலம். தனிமை, உறவு போன்றவை அதில் சரியாக விழாது, அதற்கு ஐஸ்கேப்-ஏ (ICECAP-A) என்ற நல்வாழ்வுக் கேள்வித்தாள்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஈ.க்யூ படிவத்தில் சிகிச்சைக் குழுவின் சராசரி மதிப்பு தொடக்கத்தில் 0.60, 3ஆம் மாதமும் 12ஆம் மாதமும் 0.70. முதல் காலாண்டின் சராசரி 0.65 × 0.25, மீதி 0.70 × 0.75, கூட்டினால் 0.6875 குவாலி, அதாவது வாழ்க்கைத் தரத்தால் எடைபோட்ட ஆண்டு. ஆலோசனை பெறாத ஒப்பீட்டுக் குழுவுக்கு 0.60, 0.64, 0.66 என்றால் 0.6425. வித்தியாசம் 0.045. ஆளுக்குக் கூடுதல் செலவு ரூ.2,700 என்றால், ஒரு குவாலிக்கு ரூ.60,000. தொடக்க மதிப்பே இரு குழுவிலும் வேறாக இருந்தால், இந்த நேர்க் கழித்தல் ஏமாற்றும். அந்த வேறுபாட்டைப் பின்னடைவுப் பகுப்பாய்வு (regression) என்ற புள்ளியியல் முறையில் சரிசெய்துவிட்டே கழிக்க வேண்டும்.

கடைசியாக, நடந்த அமர்வுகளை 60இலிருந்து 40ஆகக் குறைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். அமர்வின் விலை ரூ.375 ஆகிவிடும், முடிவு அப்போதும் நிற்கிறதா என்பதையும் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.