மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கோட்டை வரை: ஒரு மாலை நடை

ஊருக்குப் போகிற நம்மவர்களில் பலர் யாழ்ப்பாண நகரத்தை வாகனக் கண்ணாடிக்குள்ளிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நயினாதீவுக்குப் போகும் அவசரத்தில் "இதுதான் நூலகம், அங்கால கோட்டை" என்று யாரோ கைகாட்டுவார்கள். பிள்ளைகள் போனிலிருந்து தலை நிமிர்வதற்குள் பண்ணைப் பாலம் வந்துவிடும். நகர நடுவில் இருக்கும் இந்தத் துண்டு நிலத்தை நடந்துதான் பார்க்க வேண்டும். பெரிய தூரமும் இல்லை.

இன்னொன்று. உங்கள் மாமாவையோ பெரியம்மாவையோ, அந்தக் காலத்தில் நகரத்தில் படித்த யாரையாவது கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே நிற்கிற கட்டிடங்கள் பல ஒருமுறை எரிந்தோ இடிந்தோ மறுபடி எழுந்தவை. சில எழவே இல்லை. இல்லாமல் போனவற்றைக் காட்ட, பார்த்த கண் வேண்டும்.

பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்குவது நல்லது. உச்சி வெயிலில், கோட்டைக்குப் பக்கத்துத் திறந்த மைதானமான முற்றவெளிப் பக்கம் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டோவில் வருவதானால் ஏறுமுன்பே கூலியைப் பேசிவிடுங்கள். சில்லறை நோட்டும் கையில் இருக்கட்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருகிறவர்கள் வீதித் தடைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்குங்கள். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த நினைவாக எழுப்பத் திட்டமிட்டு, 1882 இல் கட்டி முடித்தது. வரைந்தவர் சிமிதர் என்ற கட்டிடக் கலைஞர். போரில் சிதைந்து, பிறகு திருத்தப்பட்டது. பக்கத்தில் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு போனால் அங்கே கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம்.

இனி படமாளிகைகள். வின்சர், வெலிங்டன், ராணி, ராஜா, மனோகரா, லிடோ, ஸ்ரீதர், றீகல் என்று நம் பெற்றோர் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் பெயர்கள் இவை. பெரும்பாலானவை இன்று திரையரங்குகளாக இல்லை. ஸ்ரான்லி வீதியில் இருந்த ஸ்ரீதர் பிற்காலத்தில் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமாகவே அறியப்பட்டது. ஆனாலும் வயதானவர்களிடம் வழி கேட்டுப் பாருங்கள், "வின்சரடியால திரும்பு" என்பார்கள். படம் ஓடாத தியேட்டர் இன்னமும் வழி சொல்கிறது.

முற்றவெளிப் பக்கம் இருந்த றீகல்தான் ஆங்கிலப் படங்களுக்குப் பேர் போனது. போன முறை என் பெரிய மாமாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தாறு வயது, முழங்கால் வலி, வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர். இடத்துக்கு வந்ததும் என் கையை விட்டுவிட்டு நாலைந்து அடி தானாக நடந்தார். "இதிலதான் சைக்கிள் விடுறது. தகரத்தில நம்பர் வெட்டின ஒரு துண்டு தருவாங்கள்" என்று சொல்லி, அந்தத் துண்டின் அளவை இரண்டு விரலால் காட்டினார். பிறகு கலரி டிக்கெட்டுக்கான வரிசை எந்தப் பக்கம் வளைந்து நிற்கும் என்று கையாலேயே ஒரு கோடு போட்டார். என் மகள் அதுவரை அவரோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அன்று அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வீரசிங்கம் மண்டபம். 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. பத்தாம் திகதி, கடைசி நாள் கூட்டத்துக்கு இந்த மண்டபத்துக்கு முன்னால் சனம் நிறைந்திருந்தபோது பொலிஸார் புகுந்தார்கள். கண்ணீர்ப்புகைக்கு நடுவே மின்கம்பி அறுந்து விழுந்ததில் உயிர்கள் போயின. அவர்களுக்கான நினைவுத் தூண்கள் முற்றவெளியில் நிற்கின்றன. ஆண்டுதோறும் அதே நாளில் அஞ்சலி நடக்கும். கொஞ்சம் தள்ளி, தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவின் நினைவுத் தூண் உயர்ந்து நிற்கிறது. அவர் மறைந்தது 1977 ஏப்ரல் 26. இந்த இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள்.

நூலகத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அரும்பாடுபட்டு ஆரம்பித்தவர் கே. எம். செல்லப்பா. 1933 இல் தன் வீட்டில் சிறிதாகத் தொடங்கிய முயற்சி அது. சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்த கட்டிடம் 1959 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1981 மே 31 நள்ளிரவுக்குப் பிறகு அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன, அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும். அந்த நாட்களில் நகரத்துச் சிலைகளும் உடைக்கப்பட்டன. சம்பத்திரிசியார் கல்லூரிப் பக்கமிருந்து தீயைப் பார்த்த பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். முன்றலில் வெள்ளைச் சரஸ்வதி சிலையைக் கும்பிட்டுவிட்டு, நூலகம் உருவாக உழைத்த லோங் அடிகளாரின் சிலையையும் தேடிப் பாருங்கள். சைவர்களும் கத்தோலிக்கப் பாதிரியாரும் சேர்ந்து இழுத்த தேர் இது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

உள்ளே மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பார்வையாளர்களை எல்லா நேரமும் விடுவதில்லை. முதல் நாளே வாசலில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி, போனை மௌனமாக்கிப் போங்கள். வெளிநாட்டிலிருந்து நூல்கள் கொடுக்க விரும்புகிறவர்கள் பெட்டியோடு போய் நிற்காமல், என்ன தேவை என்று நூலகரிடம் கேட்டு அனுப்புவதுதான் உண்மையான உதவி.

பக்கத்தில் உயர்ந்து நிற்பது இந்திய உதவியில் எழுந்த பண்பாட்டு மையம். இப்போது திருவள்ளுவர் பெயரைத் தாங்குகிறது. நிகழ்ச்சி ஏதும் நடந்தால் ஒரு மாலை அங்கே இருங்கள், அரங்கு நன்றாக இருக்கிறது.

கோட்டையைப் பொழுதுபடுமுன் பார்த்துவிடுங்கள், மாலையில் வாசலை மூடிவிடுவார்கள். 1619 இல் சங்கிலி மன்னனை வென்று போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா யாழ்ப்பாண அரசை முடித்தார். அவர் காலத்தில் போர்த்துக்கேயர் எழுப்பியதை, 1658 இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். மதில் கற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கடற்பாறைக் கல், பவளத்தின் துளைகள் அப்படியே தெரியும். 1706 இல் கட்டிய ஒல்லாந்த தேவாலயம் உள்ளே இருந்தது. போரில் இடிந்து, இப்போது கற்குவியல். மதிலோரம் கைப்பிடி இல்லாத இடங்கள் உண்டு, சின்னவர்களின் கையை விட வேண்டாம்.

அலுப்பில்லாவிட்டால் திரும்பும் வழியில் ஆஸ்பத்திரி வீதிக் காந்தி சிலையைப் பார்க்கலாம். காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்திருந்தார். சங்கிலியன் சிலை நல்லூர் முத்திரைச் சந்தியில். அதற்கு ஓட்டோ பிடியுங்கள், மந்திரிமனையையும் சங்கிலியன் தோப்பு வளைவையும் சேர்த்து இன்னொரு நாள் வைத்துக்கொண்டாலும் சரி.

பசித்தால் மலாயன் கபேக்குப் போங்கள். வாழையிலையில் சைவச் சாப்பாடு. மாமா அங்கேயும் எனக்கு முன்னால் நடந்து போய், சுவரோர மேசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்.