காது எத்தனை, ஆள் எத்தனை? காது மூக்கு தொண்டை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதைப் படித்துப் பார்த்துத் தருவது, வேலூரில் பல ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலைகளில் ஒன்று. காது மூக்கு தொண்டைத் துறையிலிருந்து ஒரு கட்டு வந்தால், நான் முதலில் தேடுவது ஓர் எண்ணை. '120 காதுகளில் ஆய்வு செய்தோம்' என்று எழுதியிருக்கும். ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மாணவர் பக்கங்களைப் புரட்டுவார். 74 பேர் என்று பதில் வரும். 46 பேரிடம் இரண்டு காதுகளும், 28 பேரிடம் ஒரு காதும் எடுத்திருப்பார்.

ஒருவரின் இரண்டு காதுகளிலிருந்தும் வரும் குழல்கள் ஒரே மூக்கின் பின்புறத்தில்தான் திறக்கின்றன. ஒரே சளி, ஒரே வீட்டுப் புகை, ஒரே மரபு. வலது காதில் சீழ் வருகிறவருக்கு இடது காதிலும் வர வாய்ப்பு அதிகம். அவற்றைத் தனித்தனி ஆட்களைப் போலக் கணக்கில் சேர்ப்பது, ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுவதற்குச் சமம். இல்லாத உறுதி முடிவுக்கு வந்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு காது என்று தொடக்கத்திலேயே விதி வகுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டுமென்றால், இணைகளைக் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறையைக் கையாள வேண்டும். மூக்குத் துளைகளுக்கும் டான்சில்களுக்கும் இதே விதிதான்.

அடுத்த தவறு தலைப்பிலேயே இருக்கும். 'வேலூர் மாவட்டத்தில் நாள்பட்ட காதுச் சீழ்நோயின் பரவல்' என்று எழுதிவிட்டு, ஒரு பெரிய மருத்துவமனையின் புறநோயாளிகளை எண்ணியிருப்பார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுவதும் ஒரே கொதியில் வெந்திருந்தால்தான் அது பலிக்கும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையாக வளர்ந்த ஊர் இது. வேலூருக்கான ரயில் நிலையமான காட்பாடி சந்திப்பில் இறங்கும் நோயாளிகளில் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் எனப் பல மாநிலத்தார் உண்டு. காந்தி ரோட்டு விடுதிகளில் வங்காளிப் பெயர்ப்பலகைகள் தொங்குவது அதனால்தான். பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் பார்த்தும் தீராமல் வருகிறவர்கள். அவர்களிடம் கண்ட விகிதத்தை இந்த மாவட்டத்துச் சிற்றூர்களான அணைக்கட்டுக்கோ ஒடுகத்தூருக்கோ பொருத்தினால், சாதாரணக் காதுச் சீழ்கூட மூளைக்குப் பரவும் நோயாகத்தான் தெரியும். ஊரின் நிலை வேண்டுமென்றால் ஊருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வேலூரைச் சுற்றியுள்ள கிராமக் குழந்தைகளின் காதுகளை அப்படி நேரில் பார்த்து எழுதிய ஆய்வுகள் 1990களிலேயே வெளிவந்திருக்கின்றன.

பழைய எண்களோடு ஒப்பிடும்போது மாவட்டத்தின் எல்லையையும் பார்க்க வேண்டும். 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2015இன் 'வேலூர்' வேறு, இன்றைய 'வேலூர்' வேறு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்து வைத்து 'நோய் குறைந்துவிட்டது' என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன்.

என்னை அதிகம் வருத்தும் தவறு, திரும்பி வராதவர்களை மறந்துவிடுவது. ஒரு கணக்குக்கு, ஓட்டை விழுந்த செவிப்பறையை 100 பேருக்கு ஒட்டி அடைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து 60 பேர் வருகிறார்கள். 54 பேருக்கு ஓட்டை மூடியிருக்கிறது. ஆய்வேட்டில் 'வெற்றி 90 சதவீதம்' என்று வரும். வராத 40 பேரும் குணமானவர்களாக இருந்தால் உண்மை 94 சதவீதம். அத்தனை பேருக்கும் ஒட்டு பிய்ந்திருந்தால் 54. இந்த இடைவெளிக்குள் எந்த எண்ணையும் நாம் உறுதியாகச் சொல்ல முடியாது. வராதவர் ஏன் வரவில்லை? காது காய்ந்துவிட்டது, பயணச் செலவு எதற்கு என்று நினைத்தவர் உண்டு. மீண்டும் சீழ் வந்ததும் நம்பிக்கை இழந்து வேறிடம் போனவரும் உண்டு. ஹவுராவுக்கு ரயிலேறியவர் ஒரு பரிசோதனைக்காக மறுபடி காட்பாடியில் இறங்குவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆகவே திட்டம் வகுக்கும் நாளிலேயே இதற்கு வழி பார்க்க வேண்டும். இரண்டு தொலைபேசி எண்கள் வாங்குங்கள், ஒன்று உறவினருடையதாக இருக்கட்டும். பயணச் செலவை ஆய்வு நிதியில் சேருங்கள். தொலைவிலிருந்து வருகிறவரின் ஊரிலேயே ஒரு மருத்துவர் காதைப் பார்த்துப் படம் அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்று மாதத்தில் மூடியிருந்த செவிப்பறை பின்னர் மறுபடி ஓட்டையாகலாம், உள்ளிழுக்கப்படலாம். ஓராண்டாவது பார்ப்பது நல்லது. வேலூரில் இது முடியாத காரியமும் இல்லை. நகரின் குடிசைப் பகுதிகளில் ரோட்டா வைரஸ் பற்றி நடந்த ஆய்வில் 452 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தார்கள். மூன்று ஆண்டுகளை 373 குழந்தைகள் நிறைவு செய்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இரு முறை வீடு தேடிப் போனதன் பலன் அது. 2011இல் முடிவுகள் வெளியானபோது, விலகியவர்களின் எண்ணிக்கையும் அதில் இருந்தது.

தானாகத் தீரும் நோயை மருந்து தீர்த்ததாக எழுதுவது இந்தத் துறையின் பழைய பலவீனம். தலையைத் திருப்பினால் சில நொடிகள் சுற்றும் நிலைசார் தலைச்சுற்றல், பலருக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். குழந்தைகளின் திடீர்க் காதுவலி பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மூக்கொழுகலுக்கு மார்கழியில் மருந்தைத் தொடங்கிச் சித்திரையில் முடிவைப் பார்த்தால், குணமாக்கியது மருந்தா வேலூர் வெயிலா? ஒப்பீட்டுக் குழு இல்லாமல் விடை கிடைக்காது. அறுவை சிகிச்சைக்கும் இதுவே பொருந்தும். 1981இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், தலைச்சுற்றலும் காது இரைச்சலும் விட்டுவிட்டு வரும் உட்காது நோயான மெனியர் நோயாளிகள் 30 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உட்காதின் நிணநீர்ப் பையில் வடிகால் வைத்தார்கள். மற்றக் குழுவுக்குக் காதின் பின்னுள்ள எலும்பை மட்டும் திறந்து மூடினார்கள். இரண்டு குழுக்களிலும் பெரும்பாலானோர் நலமடைந்தார்கள். அந்த முடிவைப் பற்றி வாதம் தொடர்ந்தது உண்மை. ஆனாலும் முன்-பின் ஒப்பீட்டை மட்டும் வைத்து ஓர் அறுவையைப் புகழும் யாரும் அந்த 30 பேரை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

டான்சில் விஷயத்தில் இரண்டு பாடங்கள் உண்டு. 1934இல் வெளியான நியூயார்க் ஆய்வில் 1,000 பள்ளிக் குழந்தைகளைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரைப் பார்த்த மருத்துவர்கள் 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். எஞ்சிய 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டியபோது 99 பேருக்கு. அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாம் முறை காட்டியபோது 51 பேருக்கு. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதிப் பேர். 'டான்சில் பெரிதாக இருக்கிறது' என்பது ஓர் ஆளின் கண் சொல்வது. இரண்டு பேர் ஒருவர் சொல்வதை மற்றவர் அறியாமல் தனித்தனியே பார்த்து, எத்தனை முறை ஒத்துப்போனார்கள் என்று கணக்கிடாத ஆய்வு அரைகுறைதான். இரண்டாவது பாடம் நினைவைப் பற்றியது. அடிக்கடி தொண்டைவலி வந்ததாகப் பெற்றோர் சொன்ன, பதிவு ஏதுமில்லாத 65 குழந்தைகளை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்தார்கள். சொன்ன அளவுக்கு நோய் வந்தது 11 பேருக்கே என்று 1978இல் எழுதினார்கள். பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இரவெல்லாம் அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவருக்கு மூன்று முறை பத்து முறையாகத்தான் தோன்றும்.

சொற்களுக்கு வருகிறேன். ஆங்கில வினாத்தாளைத் தமிழாக்கி நோயாளியிடம் நீட்டும் ஆய்வுகள் ஏராளம். தலைச்சுற்றலின் பாதிப்பை அளக்கும் வினாத்தாள் ஒன்றில் நானும் ஒருமுறை 'மயக்கம்' என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். குடியாத்தம் பக்கத்து மூதாட்டி ஒருவர் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்றார். பிறகு பேசிப் பார்த்தபோது, அவருக்கு எதுவும் சுற்றவில்லை என்று தெரிந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரத்த அழுத்த மாத்திரைதான் காரணம். நம் மக்கள் வாயில் மயக்கம் என்பது நினைவு தப்புவதையும் தலை சுற்றுவதையும் வெறும் அசதியையும் குறிக்கும். கிறுகிறுப்பு, தள்ளாட்டம், தலை பாரம் ஆகிய ஒவ்வொன்றும் வேறு. 'சைனஸ்' இன்னும் மோசம். காலையில் நான்கு தும்மல் வந்தால் சைனஸ், நெற்றி வலித்தால் சைனஸ். நோயின் பெயரைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: படுக்கையில் புரளும்போது வீடு சுற்றுகிறதா? எவ்வளவு நேரம்? சளி கெட்டியாக, நிறம் மாறி வருகிறதா? வாசனை தெரிகிறதா? மொழிபெயர்ப்பை வேறொருவர் மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்க்கட்டும். அதன் பிறகு பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். நான் அந்தக் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்ததால்தான் 40 தாள்கள் வீணாயின.

நம் பகுதிக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைகள் நிறைந்திருப்பதால் தொழிலாளர்களின் மூக்கைப் பற்றி ஆராய ஆர்வம் இயல்பாக எழும். ஆறிணைதிறன் (ஹெக்ஸாவேலன்ட்) வகைக் குரோமியம் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை போடக் கூடியது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டோ அந்த அளவுக்கு அரிக்காத மூவிணைதிறன் வகை. எந்த வேலையில் எந்த வகை என்று பிரிக்காமல் 'குரோமியத் தொழிலாளர்' என்று ஒரே கூடையில் போடக் கூடாது. அதைவிட முக்கியமானது, வேலை நேரத்தில் ஆலைக்குள் போய்ப் பார்த்தால் அங்கே வேலை செய்யும் அளவுக்குத் தெம்புள்ளவர்களே அகப்படுவார்கள் என்பது. மூக்கில் இரத்தம் வந்து வேலையை விட்டவர் வீட்டுத் திண்ணையில் இருப்பார். அவரையும் தேடிப் போக வேண்டும். மூக்கின் ஓட்டை பல நேரம் வலிக்காது. கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். கருவியை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கேட்புத் திறனை அளக்கும்போது, தகரக் கூரை வகுப்பறையில், பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்தோடு எடுத்த அளவை நம்பாதீர்கள். எந்த அலைவெண்களின் சராசரி, எத்தனை டெசிபலுக்கு மேல் குறைபாடு என்று எழுதுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வரம்பை 25இலிருந்து 20 ஆகக் குறைத்த பிறகு, பழைய ஆய்வோடு ஒப்பிட்டால் செவித்திறன் குறைந்தவர்கள் திடீரெனப் பெருகியதுபோல் தோன்றும். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். செவிப்பறை மூடுவதை அளப்போம் என்று பதிவு செய்துவிட்டு, கேட்புத் திறன் நன்றாக வந்தது என்பதற்காகப் பின்னால் அதை முன்னிறுத்தக் கூடாது.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 'நீங்கள் சொன்னால் சரிதான் டாக்டர்' என்பது ஒப்புதல் ஆகாது. ஏழு வயதைக் கடந்த பிள்ளையிடமும் இசைவு கேட்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. ஒருமுறை, இரண்டு சொட்டு மருந்துகளைக் குலுக்கல் முறையில் ஒப்பிடும் ஆய்வை ஓர் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தோம். நெல் அறுப்பை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் என் பிள்ளைக்கு எது நல்லது என்று உங்களுக்கே தெரியாதா?" என்றார். இளம் மருத்துவர் திணறினார். தெரியாது ஐயா, தெரிந்துகொள்ளத்தான் செய்கிறோம் என்றேன். அவர் சற்று நேரம் யோசித்தார். வீட்டில் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன் என்று படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.