முதல்முறை மைக் பிடிக்கப் போகிறீர்களா? வெளியுறவுக் கொள்கை பற்றி அரசியல்வாதியிடம் கேள்வி கேட்கும் முறை

நான் முதன்முதலாக ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டபோது நான்கு நிமிடம் பேசினேன். போர், பட்டினி, சித்திரவதை, உலகத்தின் மௌனம் என்று எல்லாம் அதில் இருந்தது. கேள்விதான் இல்லை. மேடையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் வேதனையில் நானும் பங்கெடுக்கிறேன்" என்றார். கைதட்டல். அடுத்தவர் சாலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது, அவர் நல்ல பெயர் வாங்க நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன் என்று.

சாலையைப் பற்றிக் கேட்பவருக்கு ஒரு வசதி உண்டு. பள்ளம் கண்ணெதிரே கிடக்கிறது, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வெளியுறவு விஷயத்தில் சம்பவம் நடப்பது எங்கோ தொலைவில், முடிவு எடுக்கப்படுவது மூடிய அறையில். பள்ளத்தை நாம்தான் கூட்டத்துக்குச் சுமந்து வந்து காட்ட வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எதிரே இருப்பவர் கையில் என்ன இருக்கிறது?

அமைச்சர் என்றால் அவர் முடிவெடுத்தவர், அல்லது முடிவெடுத்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். சாதாரண நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் அவர் கையில் இருப்பது வேறு. அவையில் கேள்வி எழுப்பலாம், குழுவில் ஆவணம் கேட்கலாம், அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம், ஓட்டுப் போடலாம். வேட்பாளரிடம் வாக்குறுதியைத் தவிர ஒன்றும் கிடையாது, அதையாவது தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளாட்சி உறுப்பினரிடம் போய் ஆயுத ஏற்றுமதி பற்றிக் கேட்டால் "அது என் அதிகாரத்தில் இல்லை" என்பார். அது உண்மையும்கூட.

படி 2: கவலையை ஒரே ஒரு முடிவாகச் சுருக்குங்கள்

"அந்த நாட்டில் நடக்கும் கொடுமைகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் "வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்று பதில் வரும். கண்டிப்பதற்கு யாருக்கும் காசு செலவில்லை. ஆகவே அங்கே நடப்பதை விட்டுவிட்டு, அது தொடர்பாக உங்கள் அரசு இங்கே எடுத்த முடிவைப் பிடியுங்கள். ஆயுதமோ கண்காணிப்புக் கருவியோ விற்கக் கொடுத்த அனுமதி, ஐநாவில் போட்ட ஓட்டு, தஞ்சம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியது, அந்த நாட்டுப் போலீசுக்குக் கொடுத்த பயிற்சி, கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் என்று தேடினால் ஏதாவது ஒன்று நிச்சயம் அகப்படும். ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றவை எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் சரி, அடுத்த கூட்டத்துக்கு.

படி 3: ஆதாரம் தேடுங்கள்

பலர் தாண்டிப்போகும் இடம் இது. எனக்குப் பிடித்ததும் இதுதான். நான் பார்த்தவரை, நல்ல கேள்வியில் முக்கால்வாசி வேலை கூட்டத்துக்கு முந்தைய வாரத்திலேயே முடிந்திருக்கும். ரகசிய ஆவணம் எதுவும் தேவையில்லை. இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருப்பவையே போதும்.

முதலில் ஒப்பந்தங்கள். கையெழுத்துப் போடுவது வேறு, சட்டப்படி கட்டுப்படுவதாக ஏற்றுக்கொள்வது வேறு. இரண்டாவதை ஏற்புறுதி என்பார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கை 1984இல் வந்தது. இந்தியா அதில் 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. குழந்தை உரிமை உடன்படிக்கையில் அமெரிக்கா 1995இல் கையெழுத்திட்டதோடு சரி. எந்த நாடு எதில், எந்தத் தேதியில், என்ன விதிவிலக்கு கேட்டுக்கொண்டு சேர்ந்தது என்பதெல்லாம் ஐநாவின் ஒப்பந்தத் தொகுப்பில் அட்டவணையாகக் கிடைக்கிறது. "நாங்கள் கையெழுத்திட்டிருக்கிறோம்" என்று ஒருவர் மார்தட்டும்போது "ஏற்புறுதி?" என்று ஒரு சொல்லில் கேட்க இது உதவும்.

அடுத்தது ஓட்டு. ஐநா பொதுச்சபையில் பதிவு வாக்கெடுப்பு நடந்தால் யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள், யார் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள் என்று பெயர் வாரியாகப் பதிவாகும். பல நாடுகள் தம் ஓட்டுக்கு விளக்க உரையும் கொடுக்கும். அதைக் கட்டாயம் படியுங்கள். ஊரில் ஒரு பேச்சு, நியூயார்க்கில் ஒரு பேச்சு என்று இருந்தால் அங்கே பிடிபடும்.

மூன்றாவது அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று. 2008 முதல் ஐநா மனித உரிமைப் பேரவை, ஐநாவின் ஒவ்வொரு உறுப்பு நாட்டையும் சுழற்சி முறையில் உட்காரவைத்து விசாரிக்கிறது. உலகளாவிய காலமுறை மீளாய்வு என்று பெயர். இப்போது ஒரு நாட்டின் முறை ஏறக்குறைய நாலரை ஆண்டுக்கு ஒரு தடவை வருகிறது. மற்ற நாடுகள் பரிந்துரை கொடுக்கும். அந்த நாடு அதை ஏற்கலாம், அல்லது "குறித்துக்கொண்டோம்" என்று சொல்லலாம். "முடியாது" என்பதற்கு ராஜதந்திர மொழியில் அதுதான் சொல்! இதில் இரண்டு பக்கமும் கேள்வி இருக்கிறது. உங்கள் அரசு எதை ஏற்றுவிட்டுச் செய்யாமல் விட்டது என்று கேட்கலாம். தன் நட்பு நாட்டுக்கு முறை வந்தபோது உங்கள் அரசு என்ன பரிந்துரை கொடுத்தது என்றும் கேட்கலாம். நீங்கள் கவலைப்படும் விஷயத்தை அங்கே வாயே திறக்காமல் விட்டிருந்தால், உங்கள் கேள்வி தயார்.

ஆயுத விற்பனை என்றால் ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2013இல் நிறைவேறி, 2014 டிசம்பர் 24இல் நடைமுறைக்கு வந்தது. இனப்படுகொலைக்கோ மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ பயன்படும் என்று தெரிந்தே ஆயுதம் அனுப்புவதை அதன் 6ஆவது பிரிவு தடுக்கிறது. அந்தத் தடை பொருந்தாத இடத்திலும், அனுப்புவதற்கு முன் ஆபத்தை மதிப்பிடச் சொல்கிறது 7ஆவது பிரிவு. உங்கள் நாடு அதில் உறுப்பா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சேராத ஒப்பந்தத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால் கூட்டத்தில் நம் மானம்தான் போகும்.

படி 4: எழுதுங்கள், பிறகு பாதியை வெட்டுங்கள்

அமைப்பு எளிது. ஒரு தகவல், ஒரு கேள்வி, அவ்வளவுதான். முதலில் ஒரு மோசமான உதாரணம்:

"உலகமே கண்ணீர் வடிக்கும்போது, மனித உரிமை பற்றி வாய்கிழியப் பேசும் உங்கள் அரசு, பணத்துக்காக ஆயுதம் விற்பது வெட்கக்கேடு இல்லையா, அகதிகளையும் திருப்பி அனுப்புகிறீர்களே, இதற்கெல்லாம் என்ன பதில்?"

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. அவர் எளிதானதைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்வார். "வாய்கிழிய" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கோபப்படவும் செய்யலாம். அப்புறம் பேச்சு முழுவதும் உங்கள் நாகரிகத்தைப் பற்றியதாகிவிடும்.

இதையே இப்படிக் கேட்கலாம்:

"ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவுப்படி, ஏற்றுமதிக்கு முன் ஆபத்து மதிப்பீடு செய்ய வேண்டும். மார்ச் மாதம் கொடுத்த அனுமதிக்கு அந்த மதிப்பீடு நடந்ததா? நடந்திருந்தால் அதை அவையில் வைக்கச் சொல்லி நீங்கள் கேட்பீர்களா?"

கேள்விக்குறி இரண்டு இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். சத்தமாகப் படித்துப் பாருங்கள், அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். உரிச்சொற்களையெல்லாம் எடுத்துவிடுங்கள். கொடூரத்தைத் தேதியும் எண்ணிக்கையுமே சொல்லிவிடும்.

படி 5: இரண்டாவது கேள்வியைத் தயார் செய்யுங்கள்

முதல் கேள்விக்கு எல்லோரிடமும் மனப்பாடமான பதில் இருக்கும். உண்மையான உரையாடல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது 1983 மே மாதம் நடந்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. பிரிட்டனில் தேர்தல் நெருங்கிய நேரம். முந்தைய ஆண்டு, ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போரில், மே 2 அன்று, ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்திருந்தது. 323 பேர் இறந்தார்கள். பிபிசி நிகழ்ச்சியில் பிரதமர் மார்கரெட் தாட்சரிடம் ஓர் ஆசிரியை கேட்டார்: விலக்கு வளையத்துக்கு (நுழையும் கப்பல் தாக்கப்படலாம் என்று தீவுகளைச் சுற்றி பிரிட்டன் அறிவித்த கடற்பகுதி) வெளியே, தீவுகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த கப்பலை மூழ்கடிக்க ஏன் உத்தரவிட்டீர்கள்?

அது விலகிப் போகவில்லை என்றார் தாட்சர். நம்மில் பலர் அந்த இடத்தில் தடுமாறி உட்கார்ந்திருப்போம். அந்த ஆசிரியை உட்காரவில்லை. கப்பல் 280 பாகைத் திசையில் போனது, ஏற்கெனவே ஃபாக்லாந்துக்கு மேற்கே இருந்தது, பிறகு எப்படி விலகிப் போகவில்லை என்கிறீர்கள் என்று கேட்டார். திசைகாட்டியில் 270 என்பது நேர் மேற்கு. ஆக 280 என்றால் தீவுகளுக்கு முதுகைக் காட்டிப் போகிறது என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

கப்பல் எந்தத் திசையில் போனாலும் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு ஆபத்தாகவே இருந்தது என்பதுதான் தாட்சரின் வாதம். அதில் நியாயம் உண்டா என்று இன்றும் வாதிடுகிறார்கள், அது இருக்கட்டும். நமக்கு வேண்டியது அந்த 280. குரலை உயர்த்தாமல், ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, பிரதமரைத் தன் முதல் பதிலை விட்டு நகரவைத்தார் அவர். உங்கள் கேள்வியில் அந்த 280 எது என்று கண்டுபிடித்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நழுவும் பதில்களில் சில வழக்கமாக வருபவை. "அது அந்த நாட்டின் உள்விவகாரம்" என்றால், 1993இல் வியன்னாவில் 171 நாடுகள் கூடி ஒருமனதாக ஏற்ற பிரகடனம், மனித உரிமைகளைக் காப்பது சர்வதேச சமூகத்தின் நியாயமான அக்கறை என்று சொல்வதை நினைவூட்டலாம். "நாங்கள் விற்காவிட்டால் வேறு யாராவது விற்பார்கள்" என்றால், "அப்படியானால் மதிப்பீடு எதற்கு?" என்று கேளுங்கள். "பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல முடியாது" என்றால், விவரம் வேண்டாம், மதிப்பீடு நடந்ததா இல்லையா என்பது மட்டும் போதும் என்று கேட்டதைக் குறுக்குங்கள்.

கடினமானது "திரைமறைவில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பது. சில நேரம் அது உண்மையாகவே இருக்கும், வெளியே சத்தம் போட்டால் சிறையில் இருப்பவருக்கு ஆபத்து கூடவும் செய்யும். அதனால் அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். "அந்தப் பேச்சு பலிக்கவில்லை என்று எந்தக் கட்டத்தில் முடிவு செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இதற்கு மனப்பாடப் பதில் வைத்திருப்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

படி 6: கூட்டத்தில்

நடைபாதை ஓரமாக, மைக் சுற்றி வரும் வழியில் உட்காருங்கள். முதல் சில கேள்விகளுக்குள் கை தூக்குங்கள், கடைசியில் நேரமில்லை என்பார்கள். தாளைப் பார்த்தே படியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் வரும்வரை நின்றுகொண்டே இருங்கள். உட்கார்ந்துவிட்டால் கேள்வி முடிந்தது என்று அர்த்தம்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் கேட்பது உங்கள் உறவினர் இன்னும் வாழும் நாட்டைப் பற்றி என்றால், கூட்டத்தைப் பதிவு செய்பவர் யார், அது எங்கே போகும் என்று யோசியுங்கள். சிறையில் இருப்பவரின் பெயரை அவர் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பொதுவில் சொல்ல வேண்டாம். கேள்வி கேட்பதே ஆபத்தான இடம் என்றால் தனியாக எழுந்து நிற்காதீர்கள். பலர் சேர்ந்து எழுத்தில் கேட்பது மேல்.

படி 7: அன்றிரவே எழுதிவிடுங்கள்

அவர் சொன்ன பதிலைச் சொல்லுக்குச் சொல், தேதியோடு எழுதுங்கள். மறுநாள் நினைவு மங்கிவிடும், நமக்குச் சாதகமாக மாறியும் விடும். பிறகு அதை மேற்கோள் காட்டி அவருக்கே கடிதம் அனுப்புங்கள். உறுப்பினர் என்றால் அதே கேள்வியை அவையில் எழுத்துபூர்வமாக எழுப்பச் சொல்லுங்கள். அப்படி வரும் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும், மேடைப் பேச்சு மாதிரி காற்றோடு போகாது.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் புதிதாக வீட்டுப்பாடம் வேண்டாம். மைக்கை வாங்கி இப்படித் தொடங்கலாம்: "சென்ற முறை இதே கேள்விக்கு, விசாரித்துச் சொல்கிறேன் என்றீர்கள். விசாரித்தீர்களா?"