போட்டுப் பார்க்காமல் குர்தி வாங்கும் முறை: அளவு உடுப்பிலிருந்து தொடங்குங்கள்

தையற்காரரிடம் துணி கொடுக்கும்போது, நமக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பழைய உடுப்பு ஒன்றையும் ‘அளவு’க்கென்று கொடுத்துவிட்டு வருவோம். இணையத்தில் குர்தி வாங்கும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை மறந்து, எல், எக்ஸ்எல் என்ற எழுத்துகளை நம்பிப் பணம் கட்டிவிடுகிறோம். அந்த எழுத்துகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பொருள் மாறும். இந்தியர்களுக்கென ஒரு பொது அளவு அட்டவணையை உருவாக்குவதற்காக, 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை ஆறு நகரங்களில் முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்ட் வகுத்தது. அந்த ஆறில் சென்னை இல்லை என்பது என் சிறு மனக்குறை.

படி 1: அளவு உடுப்பை அளத்தல்

உங்களுக்கு நன்றாகப் பொருந்தும், பலமுறை துவைத்த குர்தி ஒன்றைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, கைக்குழிக்கு ஓர் அங்குலம் கீழே, ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை இஞ்ச் டேப்பை வையுங்கள். இருபதரை அங்குலம் வந்தால், அதை இரட்டித்து 41 என்று எழுதிக்கொள்ளுங்கள். இதே முறையில் இடுப்பையும், சைடு ஓபன் தொடங்கும் இடத்தையும் அளந்து இரட்டியுங்கள். தோளையும் முழு நீளத்தையும் இரட்டிக்க வேண்டாம். அடுத்து, உங்கள் மார்பின் சுற்றளவை டேப்பை இறுக்காமல் எடுங்கள். அது 38 என்றால், மூச்சு விடவும் கையை உயர்த்தவும் நீங்கள் விரும்பும் தளர்வு 3 அங்குலம் என்று தெரிந்துவிடும்.

படி 2: அட்டவணையைப் படித்தல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சில அட்டவணைகள் உடலின் அளவைத் தருகின்றன. சில, தைத்த உடுப்பின் அளவைத் தருகின்றன. முதல் வகையில் 38 என்ற எண்ணையும், இரண்டாம் வகையில் 41 என்ற எண்ணையும் தேட வேண்டும். ஒருமுறை நான் இதைக் கவனிக்காமல், உடுப்பின் அளவாகக் கொடுக்கப்பட்டிருந்த 38-ஐ உடல் அளவென்று எண்ணி வாங்கினேன். தலை நுழைந்தது, கைக்குழியில் மாட்டிக்கொண்டு கழற்றுவதற்குத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது. எண்கள் சென்டிமீட்டரில் இருந்தால் 2.54-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால் பெரியதையே எடுங்கள். ஆயத்த ஆடைகளில் ஓரத் தையலுக்குள் துணி மிகக் குறைவாகவே விட்டிருப்பார்கள் என்பதால், பிடித்துத் தைக்க முடியுமே தவிரப் பிரித்துவிட வழியிருக்காது.

படி 3: நீளமும் துணியும்

படத்தில் நிற்கும் பெண்ணின் உயரம் 5 அடி 8 அங்குலம் என்று போட்டிருந்தால், அவருக்கு முழங்காலில் நிற்கும் குர்தி 5 அடி 2 அங்குலம் உள்ளவருக்குக் கெண்டைக்கால் பக்கம் இறங்கிவிடும். ஆகவே படத்தை விட்டு நீளத்தின் எண்ணைப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் முதல் துவைப்பில் சுருங்கக்கூடியவை. நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலும், 45 அங்குல நீளத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். நிறத்துக்கு, வாங்கியவர்கள் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போட்ட படங்களே போதும்.

படி 4: பொட்டலம் வந்த பிறகு

பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு, குர்தியில் தொங்கும் விலை அட்டையைக் கிழிக்காமல் முதலில் டேப்பால் அளந்து, பிறகு அணிந்து, கைகளை உயர்த்தியும் உட்கார்ந்தும் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால், மாற்றித் தருவது அந்தக் கடையின் திருப்பி அனுப்பும் விதியைப் பொறுத்தது. அதை வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டும். ஆனால் அட்டவணையில் 42 என்று போட்டுவிட்டு 39 அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. விளம்பரப்படுத்திய தன்மைக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள். குர்தியின் மீது டேப்பை வைத்து எடுத்த படத்தை இணைத்துக் கடைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.