முதல் மரத்தவளைக்கு வீடு அமைக்கும் முறை

தவளையை வாங்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே அதன் தொட்டி தயாராகி, உள்ளே உயிர் எதுவும் இல்லாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். நண்பகலில் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, விடியற்காலையில் எவ்வளவு இறங்குகிறது, தண்ணீர் தெளித்த பின் ஈரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பவை அந்த நாட்களில்தான் தெரியவரும். தவளை குடியேறிய பிறகு இவற்றைக் கற்றுக்கொள்ள முயன்றால் ஒவ்வொரு பிழைக்கும் விலை கொடுப்பது அதன் தோல்தான்.

முதன்முதலாக வளர்ப்பவருக்கு ஏற்றது, ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் நியூ கினியின் தெற்கிலும் வாழும் பச்சை மரத்தவளை. வளர்ப்போர் இதை ஒயிட்ஸ் ட்ரீ ஃபிராக் என்பார்கள். சுமார் 10 செ.மீ. வரை வளரும், சாதுவானது, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். நன்றாகப் பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வயலிலும் குளத்திலும் பிடித்த தவளையை வளர்க்கும் எண்ணம் வேண்டாம். நம் ஊர்ப் பெருந்தவளை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. வெளிநாட்டு இனங்களிலும், பளிச்சென்ற நிறமுடைய நச்சு அம்புத் தவளைகள் போல, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஆகவே எந்த இனமானாலும், எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் கொடுக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

மரத்தவளைக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம். ஓரிரு வளர்ந்த தவளைகளுக்கு 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி போதும். முன்பக்கம் திறக்கும் கதவும் மேலே கம்பிவலை மூடியும் இருந்தால் வேலை எளிது. மூடி தாழிடக்கூடியதாக இருக்கட்டும், ஏனெனில் விரல்நுனியில் ஒட்டும் திண்டுகளை உடைய இவ்வுயிர் செங்குத்தான கண்ணாடியில் ஏறி, இரவில் சிறு இடுக்கையும் தேடிப் பார்க்கும். உள்ளே தவளையின் உடல் தடிமனுக்குக் குறையாத கிளைகளைச் சாய்வாக நிறுத்தி, மணிபிளான்ட் போன்ற அகன்ற இலைச் செடியை வையுங்கள். பகலெல்லாம் தூங்கும் தவளைக்கு ஒளிந்துகொள்ள மறைவிடம் கட்டாயம் வேண்டும்.

தரைக்குத் தென்னை நார்த்தூள், அதாவது கடைகளில் கட்டியாக விற்கும் கோகோபீட், மிகப் பொருத்தமானது. ஆனால் அதில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டியை வாளியில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, வடியும் நீரின் அடர்பழுப்பு வெளிறும்வரை மூன்று நான்கு முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மீன்தொட்டிக் கூழாங்கற்களைப் போடாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும்.

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை; தண்ணீரில் உட்கார்ந்து அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. நீரில் கரைந்திருப்பதும் அதே வழியாக உள்ளே போகும் என்பதால் மாநகராட்சிக் குழாய் நீரை அப்படியே ஊற்றக் கூடாது. மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டுமருந்தைக் கலந்து ஊற்றுவது நல்லது. அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும் என்றாலும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த, எளிதில் வெளியேறாத குளோரமின் கலந்த நீரில் அந்த முறை பலிக்காது. உப்புக்கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆகாது. ஆர்.ஓ. நீரில் தாதுக்கள் மிகக் குறைவு என்பதால் தெளிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தவளை முழுதும் அமரும் அளவுள்ள, ஆழமில்லாத கிண்ணத்தை வைத்து நீரைத் தினமும் மாற்றுங்கள். அவசியமின்றித் தவளையைத் தொடாதீர்கள். தொட நேர்ந்தால் சோப்பும் சானிடைசரும் ஒட்டியிராத, நன்றாக அலசிய ஈரக் கையால் தொட்டு, பின்பு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஏனெனில் தவளைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும்.

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் வெப்ப விளக்கிலிருந்துதான் தொடங்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் நமது கவலை நேர் எதிரானது. இத்தவளைக்குப் பகலில் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையும் இரவில் அதைவிடச் சில டிகிரி குறைவாகவும் போதும். மே மாதத்துச் சென்னையிலோ மதுரையிலோ மூடிய கண்ணாடித் தொட்டி விளக்கே இல்லாமல் இந்த அளவைத் தாண்டிவிடும். ஆகவே வெயில் படும் சன்னலருகே தொட்டியை வைக்காமல் வீட்டின் மிகக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். கடும் வெயில் நாளில் உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வலைமூடியின் மேல் கிடத்தினால் குளிர்காற்று தானே கீழிறங்கும். மின்தடை நேரத்திலும் கைகொடுப்பது இதுவே. ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு வரை இருந்தால் நல்லது. கடற்கரை ஊர்களில் காற்றே அந்த அளவைத் தந்துவிடும். அங்கே அடிக்கடி நீர் தெளித்தால் பூஞ்சையும் தோல்நோயும்தான் வரும். கோவை போன்ற உள்மாவட்ட ஊர்களின் வறண்ட மாதங்களில் மாலையில் ஒருமுறை தெளிக்கலாம். வெப்பமானியையும் ஈரப்பதமானியையும் நம்புங்கள், கண்மதிப்பை நம்பாதீர்கள்.

தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியோ, மின்செருகியில் மாட்டும் கொசுமருந்தோ, கரப்பான் தெளிப்பானோ கூடவே கூடாது. அவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை நச்சுகள் தவளைகளுக்குக் கொடியவை. சன்னலுக்கு வலை அடிப்பதே வழி. எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள்; எறும்புச் சாக்பீஸ் வேண்டவே வேண்டாம்.

பகலில் 10 முதல் 12 மணி நேரம் மிதமான புறஊதா பி (யு.வி.பி.) விளக்கு எரிவது எலும்புக்கு நல்லது. அதைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தால் பயனில்லை. கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால் வலைமூடியின் மேல் வைக்க வேண்டும்.

இரைக்கு, வளர்ப்புக்கென விற்கப்படும் சில்வண்டுகளையும் (கிரிக்கெட் பூச்சி) டுபியா கரப்பான்களையும் கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த பொடியில் புரட்டிப் போடுங்கள். தவளையின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிட இரை பெரிதாக இருக்கக் கூடாது. தோட்டத்தில் பிடித்த பூச்சியில் மருந்து பட்டிருக்கலாம். வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று முறை இரை போதும். கண்ணுக்கு மேலுள்ள மடிப்பு தொங்கிக் கண்ணை மறைக்கத் தொடங்கினால் தவளை கொழுத்துவிட்டது என்று பொருள்; இரையைக் குறைத்துவிடுங்கள்.

பின்னாளில் இரண்டாவது தவளை வாங்கினால் நேரே தொட்டியில் விடாமல், ஈரத் தாள் விரித்த வேறு பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் தனியே வைத்திருங்கள். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை வெளித்தோற்றத்தில் தெரியாமலேயே வந்துவிடக்கூடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இல்லாவிட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும் என்பதால் அவற்றை ஒன்றாக விடாதீர்கள்.