வராத நோயாளியைக் கணக்கிலிருந்து தூக்காதீர்கள்

மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து பாம்பனுக்கும் தொண்டிக்கும் கீழக்கரைக்கும் திரும்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப்போவது என் வேலை. ஆய்வுக்குப் புதிதாக வரும் முதுநிலை மாணவர்களும் ஒருங்கிணைப்பாளர்களும் எங்கள் காலத்துத் தப்புகளையே வருஷா வருஷம் செய்கிறார்கள். கையெழுத்து விட்டுப்போவது, வயதை மாற்றி எழுதுவது எல்லாம் இங்கே வேண்டாம். அதை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள்.

"வரவில்லை, அதனால் எடுத்துவிட்டேன்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சை பற்றி ஒரு மாணவர் அட்டவணை போட்டுக் கொண்டுவந்தார். உயிரோடு இருப்பவர்களின் விகிதம் அருமையாக இருந்தது. ஓபிக்குத் திரும்பி வராதவர்கள் எங்கே என்றேன். "தகவல் முழுசா இல்ல சார், எடுத்துட்டேன்" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் கழித்து 60 பேரைப் பற்றித்தான் தெரியும். அவர்களில் 45 பேர் உயிரோடு இருக்கிறார்கள். 75 சதவீதம் என்று எழுதத் தோன்றும். காணாத 40 பேரும் இறந்திருந்தால் அது 45 சதவீதம். எல்லோரும் நலமாக இருந்தால் 85. இந்த லட்சணத்தில் இருக்கும் ஒன்றை 75 என்று அச்சடித்து, அடுத்து வரும் நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று அதை வைத்து முடிவு செய்வதா?

எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று காட்டும் கப்லான்-மேயர் வரைபடம் போட்டால் அது பார்த்துக்கொள்ளும் என்பார்கள். 1958-இல் வந்த அந்த முறை, பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேர்க்கும், சரி. ஆனால் நின்றவர்களுக்கும் தொடர்ந்து வருகிறவர்களுக்கும் ஆபத்து ஒரே அளவுதான் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் கரையில் அது செல்லாது. நன்றாகத் தேறியவர் விசைப்படகில் ஏறியிருப்பார், இல்லாவிட்டால் துபாய் போயிருப்பார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவரும் உண்டு. நோய் திரும்பியவரோ பஸ்ஸில் உட்கார முடியாமல் வீட்டில் படுத்திருப்பார். எல்லோருக்கும் கேஸ் ஷீட்டில் ஒரே வார்த்தை: "வரவில்லை".

இறந்துபோனால் வீட்டார் சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருப்பதும் வீண். மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மா கேட்டார்: "ஆளே போயிட்டாரு, அப்புறம் யாரு சார் தேதிக்கு வர்றது?" நியாயம்தானே. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஆய்வு நடத்துகிறவரின் பொறுப்பு. சென்னையில் 1981 முதல் நடக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டுக்காரர்கள் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டும் வீடு தேடிப்போயும்தான் தகவல் சேர்க்கிறார்கள்.

ஆய்வில் சேர்க்கும் அன்றைக்கே தேடுவதற்கான விவரங்களை வாங்கிவிடுங்கள். நோயாளியின் எண்ணோடு மனைவி அல்லது மகள் எண். ரேஷன் கார்டு முகவரி வேறு, இப்போது இருக்கும் இடம் வேறு, இரண்டும் வேண்டும். பட்டப்பெயரைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரே தெருவில் நாலு அந்தோணி இருக்கும் ஊரில் அது இல்லாமல் வீடு கிடைக்காது. ஃபாலோ-அப் தேதியையும் தொழில் பார்த்துக் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்களைப் பிடிப்பது சுலபம். அந்தச் சமயம் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தேதி கொடுத்தால் வேலையை விட்டு வரமாட்டார்கள். கூலியை யார் கொடுப்பது?

இவ்வளவுக்கும் பிறகு கிடைக்காதவர்கள் இருப்பார்கள். எத்தனை பேர், சேரும்போது நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று எழுதுங்கள். மோசமான கணக்கு, நல்ல கணக்கு இரண்டையும் அட்டவணையில் காட்டுங்கள்.

ஊருக்கே தெரியும்படி தேடுவது

தேடு என்றதும் ஒரு புதுப் பையன் படகு உரிமையாளருக்குப் போன் போட்டு, "கேன்சர் ஆய்விலிருந்து பேசுறோம், உங்க படகுல இன்னாரு இருக்காரா" என்று கேட்டுவிட்டான். அந்த நோயாளி அதன்பிறகு எங்கள் போனை எடுக்கவே இல்லை. யாரிடம் பேசலாம், என்ன சொல்லலாம் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே நோயாளியிடம் கேட்டு எழுதுங்கள். மற்றவர்களிடம் நோயின் பெயர் வாயில் வரக்கூடாது.

தையல் பிரித்ததோடு விடுவது

அறுவைக் காயத் தொற்றை 30 நாள் கவனிக்க வேண்டும். மார்பகம், குடலிறக்கம் போன்றவற்றில் ஆழமான தொற்றுக்கு 90 நாள். நம் ஆள் ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ் ஆகி, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் பிரிக்கிறார். சீழ் வைத்தது அந்த நர்ஸம்மாவுக்குத் தெரியும், உங்கள் அட்டவணைக்குத் தெரியாது.

"சிக்கல் எதுவும் இல்லை"

இப்படி ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். அறுவைக்குப் பின் வந்த சிக்கலை, அதற்கு என்ன சிகிச்சை தேவைப்பட்டது என்பதை வைத்துத் தரம் பிரிக்கும் கிளாவியன்-டிண்டோ படிநிலை 2004-லிருந்து இருக்கிறது. அதில் எழுதுங்கள்.

பெரிய ஆய்வின் எண்ணை அப்படியே ஒப்பிப்பது

மும்பை டாடா மெமோரியல் 2015-இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் சொல்வார்கள்: ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்து நிணநீர்க் கணுக்களை முதலிலேயே எடுத்தால் மூன்று வருஷத்தில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், நோய் அங்கே தெரிந்த பிறகு எடுத்தால் 67.5. கழுத்தில் கட்டி தெரியாத ஆரம்பநிலைக்குத்தான் அது. முற்றிய நிலையில் வருபவரிடம் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். இன்னொன்று, பொறுத்திருந்து பார்த்தவர்களை அங்கே விடாமல் கண்காணித்தார்கள். தேதிக்கு வர முடியாத ஊரில் பொறுத்திருப்பது அதைவிட ஆபத்தாகவே முடியும்.

சிடிஆர்ஐ பதிவு

மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடுதான் சிடிஆர்ஐ. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் அதில் பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரல் 1-லிருந்து பிந்திய பதிவை ஏற்பதில்லை.