குளச்சல் போரை உங்கள் மேஜையில் நடத்துவது எப்படி? தொடக்கக்காரர்களுக்கான செய்முறை

சின்னப் பொம்மை வீரர்களை மேஜையில் அணிவகுத்து, ஸ்கேலால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதலைத் தீர்ப்பதுதான் மினியேச்சர் போர் விளையாட்டு. இதில் கட்டங்கள் கிடையாது. நிலம் எப்படியோ ஆட்டம் அப்படி. நடந்து முடிந்த ஒரு போரை எடுத்துக்கொண்டு, அன்றைய தளபதி தலையைப் பிய்த்துக்கொண்ட அதே சிக்கலில் நாமும் மாட்டிக்கொள்வதில்தான் இதன் சுவை இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாட்டர்லூவையோ இரண்டாம் உலகப் போரையோ தேடிப் போகிறார்கள். குமரி மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படையிடம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோற்ற இடம் நம் குளச்சல். பஸ் ஏறிப் போய் நின்று பார்க்கக்கூடிய போர்க்களம் கையருகே இருக்கும்போது அதிலிருந்து தொடங்குவதே சரி.

படி 1: இடத்தைப் பாருங்கள்

குளச்சலில் வெற்றித்தூண் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள். எங்கே படகு ஒதுங்கும், எங்கே பாறை தடுக்கும், கரையிலிருந்து உள்ளே போக எவ்வளவு மணல் தாண்ட வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். முடிந்தால் ஆடி மாதத்தில் போங்கள். போர் நடந்ததும் அந்தப் பருவத்தில்தான். அந்த அலையைப் பார்த்தால், கரையில் இறங்கிய படைக்குக் கப்பலிலிருந்து உதவி அனுப்புவது எவ்வளவு பெரிய பாடு என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

திரும்பும் வழியில் தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்கும் போய்விட்டு வாருங்கள். குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தானாக, அதாவது படைத் தலைவராக உயர்ந்து, 1777-இல் இறந்தார். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே வெட்டப்பட்டிருக்கின்றன.

படி 2: வீரர்கள்

கடைகளில் கிடைப்பவை பல அளவு. 28 மில்லிமீட்டர் உலோகப் பொம்மைகள் அழகுதான், விலையும் அதற்கேற்ப. தொடக்கத்துக்கு 72-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் பொம்மைகள் போதும். ஏழாண்டுப் போர்க்காலத்து ஐரோப்பிய வீரர்கள் பெட்டியாகக் கிடைக்கிறார்கள். அந்தப் போர் 1756-இல் தொடங்கியது. மூன்று முனைத் தொப்பி, நீளக் கோட்டு, துப்பாக்கி எல்லாம் ஏறக்குறைய அதே மாதிரி என்பதால் டச்சுக்காரர்களாகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

திருவிதாங்கூர் வீரர்களுக்கு என் பரிந்துரை காகிதம். கெட்டியான சார்ட் அட்டையில் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரைந்து, நடுவில் மடித்து ஒட்டுங்கள். இடுப்பில் முண்டு, ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். பிள்ளைகள் இருந்தால் வரையக் கொடுங்கள், விளையாட ஆளும் கிடைத்த மாதிரி ஆகும்.

ஆறு பேர் ஒரு அணி. டச்சுப் பக்கம் துப்பாக்கி அணி மூன்று, பீரங்கி ஒன்று. திருவிதாங்கூர்ப் பக்கம் வாள் அணி ஐந்து, துப்பாக்கி அணி இரண்டு, பீரங்கி இரண்டு.

படி 3: வண்ணம்

பிளாஸ்டிக் பொம்மையை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் எந்தப் பெயிண்டும் நிற்காது. பிறகு சாம்பல் நிற ஸ்ப்ரே பிரைமர் ஒரு கோட். நம் ஊர் மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் மேல்பூச்சு வெளுத்துப்போகும். வெயில் காய்கிற முற்பகல்தான் அதற்கு நல்ல நேரம்.

ஐஸ் குச்சியில் ஒரு சொட்டு பசை வைத்துப் பொம்மையை நிறுத்துங்கள். இப்போது விரல் படாமல் எல்லாப் பக்கமும் திருப்பிப் பூசலாம். ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்கே போதும், தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு நான் நீலம் பூசுகிறேன். காய்ந்தபின் கரும்பழுப்பு நிறத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிடுங்கள். அது மடிப்புகளுக்குள் இறங்கித் தங்கும். ஒற்றை நிறமாக மொழுமொழுவென்று இருந்த கோட்டில் கை மடிப்பும் பொத்தான் வரிசையும் கண்ணெதிரே எழுந்துவரும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான்.

படி 4: களம்

நாலடிக்கு மூன்றடி மேஜை. ஒரு நீளப் பக்கத்தில் ஓரடி அகலத்துக்கு நீலத்துணி, அது கடல். மிச்சத்துக்கு மணல் நிறத் துணி. டச்சுக்காரர்களின் மர அரணுக்கு ஈர்க்கிலை ஒரே அளவில் நறுக்கி அட்டையில் நெருக்கமாக ஒட்டுங்கள். பொம்மைகளின் அடித்தட்டில் ஃபெவிகால் தடவித் தும்புச் சோற்றை, அதாவது தேங்காய் நார்த்தூளைத் தூவினால் மண்தரை தயார். கடல் மணல் போடுவதானால் நல்ல தண்ணீரில் அலசிய பிறகு போடுங்கள், உப்பு பெயிண்டை உரித்துவிடும்.

படி 5: விதிகள்

கடையில் வாங்கும் விதிப்புத்தகம் நூறு பக்கம் வரும். முதல் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும்.

ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் பகடை உருட்டுங்கள், அதிகம் விழுந்தவர் முதலில் ஆடுவார். முதலில் நகர்வு, பிறகு சுடுதல், கடைசியில் கைகலப்பு. ஓர் அணி 6 அங்குலம் நகரும். மணலில் பீரங்கியை 3 அங்குலம்தான் இழுக்கலாம், இழுத்த சுற்றில் சுட முடியாது.

துப்பாக்கி 8 அங்குலம் வரை எட்டும். இரண்டு வீரருக்கு ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் எதிரியில் ஒருவர் காலி. அரணுக்குள் இருப்பவரைச் சுட 6 மட்டுமே செல்லும். பீரங்கி 24 அங்குலம் எட்டும், அதற்கு இரண்டு பகடை, அதே கணக்கு. கைகலப்பில் ஆளுக்கு ஒரு பகடை. வாள் வீரருக்கு 4 முதல் வெற்றி, மற்றவர்களுக்கு 5 முதல்.

இனி மனவுறுதி, ஆட்டத்தின் உயிரே அதுதான். ஆளை இழந்த அணி அந்தச் சுற்றின் முடிவில் ஒரு பகடை உருட்ட வேண்டும். மிஞ்சியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைவிட அதிகம் விழுந்தால் அந்த அணி 6 அங்குலம் பின்வாங்கும். ஐந்து பேர் இருக்கும்போது எளிதில் அசையாத அணி, இரண்டு பேராகும்போது நிற்பதே பெரும்பாடாகிவிடும். பழைய காலப் போர்களில் படைகள் கடைசி ஆள் வரை சண்டையிட்டு அழிந்ததைவிட, மனம் உடைந்து ஓடித் தோற்றதே அதிகம்.

குளச்சலுக்கென்று இரண்டு தனி விதிகள். டச்சு வெடிமருந்துக் கிடங்கில் தீப்பிடித்தது அவர்கள் சரணடைய ஒரு காரணம் என்பார்கள். அதனால் திருவிதாங்கூர்ப் பீரங்கி அரணை நோக்கிச் சுடும்போது இரண்டு பகடையிலும் 6 விழுந்தால் கிடங்கு வெடிக்கிறது, எல்லா டச்சு அணிகளும் உடனே மனவுறுதி பார்க்க வேண்டும். இரு பீரங்கியும் பத்துச் சுற்றும் சுட்டால் இது நடக்க பாதிக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு உண்டு. அடுத்தது கடல். நாலாவது சுற்றிலிருந்து டச்சுக்காரர் ஒரு பகடை உருட்டலாம், 6 விழுந்தால் மட்டும் படகில் புதிய அணி ஒன்று கரையேறும்.

பத்துச் சுற்றுக்குள் அரண் பிடிபட்டால் திருவிதாங்கூருக்கு வெற்றி, இல்லையென்றால் டச்சுக்கு.

கரையில் மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்களைத் துப்பாக்கிப் படை என்று நம்பவைத்ததாக நம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அதையும் சேர்க்க ஆசையிருந்தால், ஆறு அட்டை வீரர்களைக் கவிழ்த்து வையுங்கள். டச்சு அணி 8 அங்குலத்துக்குள் வரும்வரை அவர்கள் யார் என்று திருப்பிக் காட்டத் தேவையில்லை.

ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி இன்னொன்று ஆடுங்கள். அரணுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றும் கடலைப் பார்த்துப் பகடை உருட்டும்போதுதான் டிலனாயின் நிலைமை பிடிபடும். இரண்டு பக்கமும் கைக்குப் பழகியபின் ஆரல்வாய்மொழிக்குப் போகலாம். 1809 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை இரவில் மலையேறி அங்கிருந்த அரணைப் பிடித்தது. அதற்குத் தெர்மோகோலில் மலை செதுக்க வேண்டும், இருட்டில் நகர்வதற்குத் தனி விதியும் எழுத வேண்டும்.